காட்டை நடும் பறவை

நுழையும்முன்

ஒரே பறவைக்கு எத்தனை பெயர்கள்! தமிழில் இருவாட்சி என்றும் இருவாச்சி என்றும் வழங்கப்படும் பறவையை மலையாளத்தார் வேழாம்பல் என்பர். இந்தி பேசுவோர் தனேஷ் என்பர். அசாமியர் அதன் பேரினத்தை ராஜதனேஷ் எனச் சிறப்பித்து அழைப்பர். அருணாசலப் பிரதேசத்தின் நிஷி மக்களுக்கு அது பாகா. பெயர்கள் பல, பறவை ஒன்று. அப்பறவையைக் காண, நம் நாட்டவர் பலரும் அறியாத ஒரு மழைக்காட்டிற்குள் செல்வோம்.

மலையை முழக்கும் சிறகு

மார்ச்சுத் திங்களின் விடியற்காலை. பக்கே ஆற்றின்மேல் படிந்த மூடுபனி இன்னும் கலையவில்லை. மரங்களின் உச்சி கண்ணுக்குத் தெரியவில்லை. இலைகளிலிருந்து நீர்த்துளிகள் சொட்டும் ஓசையைத் தவிர வேறு ஒலி இல்லை. அப்போது, தொலைவில் நீராவி இரயில் ஒன்று மலையேறி வருவதுபோல் ஓர் ஓசை எழுகிறது. ஓசை நெருங்குகிறது, தலைக்குமேல் கடக்கிறது, பனிக்குள் மறைகிறது. பறவையைக் கண்டவர் எவருமில்லை. ஆயினும் அதன் பெயரை அனைவரும் அறிந்துகொள்கின்றனர். அது பெரிய இருவாட்சி.

இப்பறவையின் சிறகுக்கு அடியில், பெரிய இறகுகளின் இடைவெளியை மூடும் சிறிய இறகுகள் இல்லை. ஆகவே, சிறகடிக்கும்போது காற்று அவ்விடைவெளிகளில் புகுந்து பேரொலி எழுப்புகிறது. மலையாளத்தில் இதற்கு ‘மலமுழக்கி’ என்னும் அடைமொழியும் உண்டு. மலையை முழங்கச் செய்வது என்பது அதன் பொருள். பெயரிட்டவர்கள் கண்ணால் மட்டுமன்றிச் செவியாலும் பறவையை அறிந்தவர்கள் என்பது இதனால் விளங்கும்.

அடர்ந்த மழைக்காட்டில் பறவை நோக்கச் செல்வோர் கற்கும் முதற்பாடம் இதுவே. வயல்வெளியிலும் ஏரிக்கரையிலும் கண் முந்தும். மழைக்காட்டில் செவி முந்தும்.

பக்கே எனும் காடு

அசாமின் தேஜ்பூர் நகரிலிருந்து வடக்கு நோக்கிச் சென்றால், பிரம்மபுத்திரா சமவெளி முடிந்து இமயத்தின் அடிவாரக் குன்றுகள் தொடங்கும். அங்கே அமைந்துள்ளது பக்கே புலிகள் காப்பகம். அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த இக்காட்டின் பரப்பு ஏறத்தாழ 862 சதுர கிலோமீட்டர். மேற்கே காமெங் ஆறும் கிழக்கே பக்கே ஆறும் இதற்கு எல்லைகள். தெற்கே அசாமின் நமேரி காடு இதனுடன் இணைந்து கிடக்கிறது. 2002ஆம் ஆண்டில் இது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இதன் நுழைவாயிலாக விளங்கும் சிற்றூர் செய்ஜோசா.

காசிரங்காவின் காண்டாமிருகத்தைக் காண ஆண்டுதோறும் பெருங்கூட்டம் வருகிறது. அதற்கு மிகத் தொலைவில் இல்லாத பக்கேயை நாடி வருவோரோ சிலரே. ஆனால், ஏறத்தாழ 300 வகைப் பறவைகள் இங்குக் காணப்படுகின்றன. காட்டுக் குட்டைகளில் அரிதாகிவரும் வெண்சிறகு வாத்து நீந்துகிறது. குன்றுகளிலும் ஆற்றங்கரைகளிலும் நான்கு வகை இருவாட்சிகள் வாழ்கின்றன. இந்தியாவில் மொத்தம் உள்ள இருவாட்சி இனங்களே ஒன்பதுதான் என்பதை எண்ணினால், இக்காட்டின் வளம் புரியும்.

நால்வகை இருவாட்சிகளையும் இனங்கண்டறிவது கடினமன்று. மஞ்சள் நிற அலகின்மேல் தலைக்கவசம் போன்ற கொண்டையைச் சுமப்பது பெரிய இருவாட்சி. அதன் நீளம் ஒரு மீட்டர் அளவினது. ஆணின் கண் சிவந்திருக்கும். பெண்ணின் கண் வெண்மையாக இருக்கும். வளையலகு இருவாட்சிக்குத் தொண்டையில் பை ஒன்று தொங்கும். அது மஞ்சளாக இருந்தால் ஆண். நீலமாக இருந்தால் பெண். செங்கழுத்து இருவாட்சி உயரமான மலைப்பகுதிகளை விரும்புவது. அதன் ஆணுக்குத் தலையும் கழுத்தும் செந்நிறம்; பெண்ணோ முழுவதும் கருமை. நான்காவதான கருவெள்ளை இருவாட்சி இவற்றுள் சிறியது. காட்டின் ஓரங்களிலும் ஆற்றை ஒட்டிய மரங்களிலும் மிகுதியாகத் தென்படுவது.

காத்திருத்தல் என்னும் கலை

மழைக்காட்டில் பறவையைத் துரத்திச் செல்பவர் எதையும் காண்பதில்லை. பழுத்த அத்திமரம் ஒன்றைக் கண்டறிந்து, அதற்குச் சற்றுத் தொலைவில் அசையாது அமர்பவர் யாவற்றையும் காண்கிறார். முதலில் பச்சைப் புறாக்கள் வரும். பிறகு குக்குறுவான்கள் வரும். வெயில் ஏறும் வேளையில் இருவாட்சி வந்திறங்கும். அலகின் நுனியால் ஒரு பழத்தைப் பறித்து, மேலே எறிந்து, வாயைத் திறந்து விழுங்கும். அவ்வளவு பெரிய அலகு, ஒரு சிறு பழத்தையும் நசுக்காமல் பற்றும் நயம் காண்போரை வியப்பில் ஆழ்த்தும்.

பறவை நோக்குவோர் பளிச்சிடும் ஆடைகளை அணிவதில்லை, உரக்கப் பேசுவதில்லை. கூட்டிற்கு அருகில் செல்வது பெரும் பிழை எனக் கருதுவர். நாள், நேரம், இடம், பறவையின் எண்ணிக்கை, அது உண்ட பழம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுவர். இக்குறிப்புகளே பின்னர் அறிவியலாகின்றன. 1990களின் இடையில் பக்கேக்கு வந்த அபராஜிதா தத்தா என்னும் ஆய்வாளர், இவ்வாறு பல ஆண்டுகள் காத்திருந்தும் குறித்தும் இருவாட்சிகளின் வாழ்வை ஆராய்ந்தார். 2013ஆம் ஆண்டில் அவருக்கு விட்லி விருது கிடைத்தது.

சுவர் எழுப்பிய கூடு

இருவாட்சியின் வாழ்வில் வியப்பிற்குரியது அதன் கூடு. மரத்தைக் குடைந்து பொந்து செய்யும் ஆற்றல் இப்பறவைக்கு இல்லை. முதிர்ந்த பெருமரங்களில் இயற்கையாக அமைந்த பொந்துகளையே அது நாடுகிறது. பக்கேயில், தாவரவியலார் டெட்ரமெலஸ் என்று அழைக்கும் நெடுமரமே பெரும்பாலும் அதற்கு வீடாகிறது. நல்ல பொந்து கிடைத்துவிட்டால் ஆண்டுதோறும் அதையே பயன்படுத்தும்.

மார்ச்சு, ஏப்ரல் திங்களில் பெண் பறவை பொந்தினுள் நுழைகிறது. தன் எச்சம், பழக்கூழ் முதலியவற்றைக் குழைத்துப் பூசி வாயிலை அடைக்கிறது. அலகின் நுனி மட்டும் நுழையும் அளவிற்கு ஒரு கீறல் எஞ்சுகிறது. பாம்பும் மரநாயும் இனி உள்ளே புக இயலாது. உள்ளிருக்கும் தாய் ஒன்றோ இரண்டோ முட்டையிடுகிறது. தன் பறக்கும் இறகுகளையும் உதிர்த்துவிடுகிறது. புதிய இறகுகள் முளைக்கும்வரை அதனால் பறக்க இயலாது.

அந்நாள்களில் குடும்பம் முழுவதற்கும் ஆண் பறவையே ஆதாரம். அத்திப்பழங்களைத் தொண்டைக்குள் சேமித்துக் கொண்டுவந்து, மரத்தைப் பற்றியபடி ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்து, கீறலின் வழியே ஊட்டுகிறது. சிலவேளை பல்லியையும் சிறு பாம்பையும்கூடக் கொண்டுவரும். குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் பெரிய இருவாட்சியின் தாய் சுவரை உடைத்து வெளிவருகிறது. உள்ளே இருக்கும் குஞ்சோ உடைந்த சுவரை மீண்டும் தானே அடைத்துக்கொள்கிறது! பிறகு தாயும் தந்தையும் சேர்ந்து அதற்கு உணவூட்டுகின்றன. ஏறத்தாழ நான்கு திங்களுக்குப்பின், மழை வலுத்த ஒருநாளில், குஞ்சு முதன்முறையாக வானத்தைக் காண்கிறது.

இவ்வேற்பாட்டில் ஓர் இடர் மறைந்துள்ளது. உணவு தேடிச் சென்ற ஆண் பறவை திரும்பவில்லையெனில் என்ன ஆகும்? சுவருக்குப் பின்னால் இறகுதிர்த்த தாயும் கண் திறவாத குஞ்சும் காத்திருக்கும். வேட்டைக்காரரின் ஒரு குண்டு, ஒரு பறவையோடு நிற்பதில்லை. ஒரு குடும்பத்தையே அது அழித்துவிடக்கூடும்.

விதை சுமக்கும் தோட்டக்காரர்

இருவாட்சி பழத்தை முழுதாக விழுங்குகிறது. சதையைச் செரித்துக்கொண்டு, பெரிய விதையைச் சேதமின்றிக் கக்கிவிடுகிறது. தாய்மரத்தின் நிழலிலேயே விழும் விதைகளுள் பல முளைத்தும் வளர்வதில்லை. தொலைவில் விழும் விதைக்கு வெளிச்சமும் இடமும் கிடைக்கின்றன. சிறிய விதைகளைச் சிறு பறவைகளும் பரப்பும். ஆனால், சாதிக்காய்க் குடும்பத்து மரங்கள் போன்றவற்றின் பெரிய விதைகளை விழுங்கிச் சுமக்க அகன்ற வாய் வேண்டும். அத்தகைய வாய் கொண்ட பறவைகள் காட்டில் மிகச் சிலவே. ஆகவேதான் இருவாட்சியைக் காட்டின் தோட்டக்காரர் என்பர்.

இருவாட்சிக்குப் பொந்து தருவது முதுமரம். மரத்தின் வழித்தோன்றலை நடுவது இருவாட்சி. ஒன்று குறைந்தால் மற்றொன்றும் குறையும். இன்று வேட்டையால் இருவாட்சிகள் அற்றுப்போன காடு, பார்ப்பதற்குப் பசுமையாகவே தோன்றலாம். அங்கு நிற்கும் பெருமரங்கள் சாயும் காலத்தில்தான் அவற்றின் இடத்தை நிரப்ப இளமரங்கள் போதுமான அளவில் இல்லை என்பது தெரியவரும்.

தொப்பியும் அலகும்

பக்கேயைச் சூழ்ந்து வாழ்வோர் நிஷி மக்கள். பிரம்பால் பின்னிய தொப்பியை நிஷி ஆடவர் அணிவர். அதன் முன்புறத்தில் இருவாட்சியின் அலகைப் பொருத்துவது பழைய மரபு. அது வீரத்திற்கும் பெருமைக்கும் அடையாளம். முன்னோர் வில்லேந்தி வேட்டையாடியபோது பறவைகள் மிகுதியாக இருந்தன. துப்பாக்கி வந்தபின் நிலைமை மாறியது. காடு குறைந்தது, பறவையும் குறைந்தது.

மரபைக் கைவிடச் சொன்னால் எவர் மனமும் வருந்தும். ஆகவே வேறொரு வழி காணப்பட்டது. 2000ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், வனத்துறையினரும் காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பினரும் கண்ணாடியிழையால் செய்த அலகுகளை நிஷி மக்களுக்கு வழங்கினர். தொப்பியின் அழகு குன்றவில்லை, பெருமை குறையவில்லை, பறவையும் பிழைத்தது.

2006ஆம் ஆண்டில் அப்பகுதியின் ஊர்த்தலைவர்கள் ஒன்றுகூடிக் கோரா ஆபே என்னும் சங்கத்தைத் தோற்றுவித்தனர். வேட்டையையும் மரம் வெட்டுவதையும் தடுப்பது அவர்கள் நோக்கம். 2011-12ஆம் ஆண்டில் இச்சங்கமும், இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்னும் அமைப்பும், அருணாசல வனத்துறையும் இணைந்து ‘இருவாட்சிக் கூடு தத்தெடுப்புத் திட்டம்’ ஒன்றைத் தொடங்கின. நகரங்களில் வாழ்வோர் ஒரு கூட்டைத் தத்தெடுத்துப் பொருளுதவி செய்வர். அத்தொகையைக் கொண்டு, ஊர்மக்களுள் சிலர் கூட்டுக் காவலராக அமர்த்தப்படுவர்.

கூட்டுக் காவலர்

கூட்டுக் காவலர்களுள் சிலர் முன்னாள் வேட்டைக்காரர்கள். எந்த மரம் எப்போது பழுக்கும், எந்தப் பறவை எவ்வழியே வரும் என்பதைப் புத்தகம் படித்து அறிந்தவர்கள் அல்லர். காட்டில் நடந்து நடந்து அறிந்தவர்கள். முன்பு குறிபார்க்கப் பயன்பட்ட கண், இப்போது இருகண்நோக்கி வழியே கூட்டைப் பார்க்கிறது.

காவலரின் பணி எளிதன்று. காடு, மழையாலும் அட்டைகளாலும் நிறைந்தது. மரத்திற்குச் சற்றுத் தொலைவில் மறைந்தமர்ந்து, ஆண் பறவை எப்போது வந்தது, என்ன பழம் கொண்டுவந்தது, எத்தனை முறை ஊட்டியது என்பதைக் காவலர் குறிக்கிறார். ஆண் வரும் நேரம் தவறினால் அவர் மனம் பதைக்கிறது. மேகம் இருண்டு, பொழுது சாய்ந்து, கீறலின் வழியே தாயின் அலகு நீண்டு நீண்டு உள்ளே செல்கிறது. பிறகு எங்கோ தொலைவில் அந்த இரயிலோசை. அவர் நெஞ்சில் நிறையும் அமைதியை எந்தக் குறிப்பேட்டிலும் எழுத இயலாது.

இத்திட்டத்தின் காவலில் 100-க்கும் மேற்பட்ட குஞ்சுகள் கூட்டைவிட்டுப் பறந்துள்ளன. 2015ஆம் ஆண்டு முதல் செய்ஜோசாவில் ‘பக்கே பாகா’ என்னும் இருவாட்சித் திருவிழாவும் நடைபெறத் தொடங்கியது. பறவையைக் காண வருவோரால் ஊர்மக்களுக்கும் வருவாய் கிடைக்கிறது.

ஆயினும் கவலை தீர்ந்துவிடவில்லை. கூடுகள் பல, புலிகள் காப்பகத்தின் எல்லைக்கு வெளியே, அதை ஒட்டிய பாப்பும் ஒதுக்குக் காட்டில் உள்ளன. அங்கு அண்மை ஆண்டுகளில் காடு அழிந்துவருவதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. காவலர் பறவையைக் காக்கலாம். மரமே இல்லையெனில் பறவை எங்குக் கூடு கட்டும்? பறவையைக் காப்பதும் மரத்தைக் காப்பதும் ஒரே பணியின் இரு கைகள்.

தெற்கிலும் அதே சிறகொலி

பெரிய இருவாட்சி வடகிழக்கிற்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டின் ஆனைமலைக் காடுகளிலும் அதே சிறகொலி கேட்கிறது. வால்பாறைப் பகுதியில், தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே எஞ்சிய காட்டுத் துண்டுகளுக்கும் அது பறந்து வருகிறது. கேரளத்தின் வாழச்சால் காட்டில் காடர் என்னும் பழங்குடியினர் இருவாட்சிக் கூடுகளைக் கண்காணித்துக் காக்கின்றனர். பெரிய இருவாட்சி, அருணாசலப் பிரதேசம், கேரளம் ஆகிய இரு மாநிலங்களுக்கும் மாநிலப் பறவையாகும்.

நிஷி மக்களும் காடர்களும் ஒருவரையொருவர் கண்டதில்லை எனினும், ஒரே பறவையின் வரவுக்காக இருவேறு மலைகளில் காத்திருக்கின்றனர். பாகா என்று ஒருவர் அழைப்பதையே வேழாம்பல் என்று மற்றொருவர் அழைக்கிறார். இருவாட்சி என்று நாம் அழைக்கிறோம். ஒரு பெயர் வழக்கிலிருந்து மறைந்தால் மொழி சற்று வறுமையுறும். அப்பெயருக்குரிய பறவையே மறைந்தால், எல்லா மொழிகளும் ஒருங்கே வறுமையுறும்.

சொல்லும் பொருளும்

பொந்து – மரத்தில் உள்ள துளை
கீறல் – குறுகிய திறப்பு
எச்சம் – பறவையின் கழிவு
ஆதாரம் – பற்றுக்கோடு
இடர் – துன்பம், ஆபத்து
வழித்தோன்றல் – பின்வரும் தலைமுறை
இருகண்நோக்கி – தொலைவில் உள்ளதை இரு கண்களாலும் பெரிதாகக் காணும் கருவி

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. நிஷி மக்கள் இருவாட்சியை ________ என்று அழைப்பர்.
2. பெரிய இருவாட்சியின் ஆணுக்குக் கண் ________ நிறமாக இருக்கும்.
3. இந்தியாவில் உள்ள இருவாட்சி இனங்கள் ________.
4. ஊர்த்தலைவர்கள் 2006ஆம் ஆண்டில் தோற்றுவித்த சங்கம் ________.

ஆ. பிரித்து எழுதுக.
சிறகொலி, மரப்பொந்து, மழைக்காடு, பேரொலி

இ. குறுவினா
1. பெரிய இருவாட்சியின் சிறகு பேரொலி எழுப்புவது ஏன்?
2. பெண் பறவை கூட்டின் வாயிலை அடைப்பதால் விளையும் நன்மையும் இடரும் யாவை?
3. கண்ணாடியிழை அலகு நிஷி மக்களின் மரபை எவ்வாறு காத்தது?

ஈ. நெடுவினா
இருவாட்சியும் மரமும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதை விளக்குக.

உ. சிந்தனை வினா
முன்னாள் வேட்டைக்காரரே சிறந்த கூட்டுக் காவலராக விளங்கக் காரணம் என்ன? உமது கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.

கற்பவை கற்றபின்

1. நீவிர் வாழும் குடியிருப்பிலோ பள்ளி வளாகத்திலோ உள்ள ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கவும். ஒரு வாரம், நாள்தோறும் காலையில் 15 நிமிடம் அதனருகே அமைதியாக அமர்ந்து, வரும் பறவைகளைக் குறிப்பேட்டில் எழுதவும். நாள், நேரம், பறவை, எண்ணிக்கை, செய்த செயல் என ஐந்து கட்டங்கள் வரைந்துகொள்ளவும்.
2. அப்பறவைகளின் தமிழ்ப் பெயரை வீட்டுப் பெரியோரிடம் கேட்கவும். அவ்வூர் மொழியில் அவற்றின் பெயரை வகுப்பு நண்பரிடம் கேட்கவும். இரண்டையும் அருகருகே எழுதி வகுப்பறையில் காட்சிப்படுத்தவும்.